இரவல் கொடுக்கும் கை



கானா நாட்டின் குமாசி நகரில் அசாந்தே மன்னரின் மன்ஹியா அரண்மனை இருக்கிறது. 150 ஆண்டுகளுக்கு முன்பு பிரிட்டிஷ் படை அள்ளிச் சென்றவற்றில் சில, 2024ஆம் ஆண்டில் இரண்டு தவணைகளாக அந்த அரண்மனைக்கு வந்து சேர்ந்தன. பிப்ரவரியில் வந்தவை ஏழு. அலங்கார நாற்காலி ஒன்று, யானைவால் கவரி ஒன்று, தங்கக் கழுத்தணி ஒன்று, இன்னும் சில அணிகள். அனுப்பியது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் உள்ள ஃபௌலர் அருங்காட்சியகம். இரண்டாம் தவணையாக வந்து மே மாதம் காட்சிக்கு வைக்கப்பட்டவை 32. அவற்றில் 17 லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கும் 15 பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கும் உரியவை. 'உரியவை' என்று தெரிந்தேதான் சொல்கிறேன். இன்றைய என் பேச்சு முழுவதும் அந்த ஒரு சொல்லைப் பற்றியது. ஏழும் எந்த நிபந்தனையும் இன்றித் திருப்பிக் கொடுக்கப்பட்டவை. முப்பத்திரண்டும் மூன்று ஆண்டு இரவல். வேண்டுமானால் இன்னொரு மூன்று ஆண்டு நீட்டிக்கலாம். பிறகு லண்டனுக்குப் போய்விட வேண்டும். ஒரே அரண்மனை, ஒரே ஆண்டு, பெரும்பாலும் ஒரே கொள்ளையில் போன பொருள்கள். ஆனால் ஒரு பெட்டியைத் திறக்கும்போது அசாந்தே மன்னர் உடையவர். மற்றதைத் திறக்கும்போது இரவல் வாங்கியவர்.

அந்தக் கொள்ளை எப்படி நடந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1874 பிப்ரவரி 4ஆம் நாள் சர் கார்னெட் உல்ஸ்லி தலைமையிலான படை குமாசிக்குள் நுழைந்தது. மன்னர் கோஃபி காரிகாரி அதற்குள் நகரை விட்டு வெளியேறியிருந்தார். ஆளில்லாத அரண்மனையில் கிடைத்ததைப் பொறுக்கி மூட்டை கட்டினார்கள். பிறகு அரண்மனையை வெடிவைத்துத் தகர்த்து, ஊருக்குத் தீயிட்டுவிட்டுக் கடற்கரைக்குத் திரும்பினார்கள். அதோடும் விடவில்லை. படையெடுப்பை ஒட்டி 50,000 அவுன்ஸ் தங்கம் இழப்பீடாகத் தரவேண்டும் என்று ஃபொமெனா உடன்படிக்கையில் எழுதி வாங்கினார்கள். வீட்டை எரித்தவர், எரிக்க வந்த கூலியையும் வீட்டுக்காரரிடமே கேட்ட கணக்கு அது. எடுத்துப் போன தங்கம் லண்டனில் கரார்ட் என்ற நகைக்கடை வழியாக விற்பனைக்கு வந்தது. விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் முன்னோடியான சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் அங்கேதான் வாங்கியது. 'விலை கொடுத்து வாங்கினோம்' என்பதற்கு அவர்களிடம் சீட்டு இருக்கலாம். விற்றவருக்கு அந்தப் பொருள் எப்படி வந்தது என்பது அன்று லண்டனில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இப்போது குமாசிக்கு இரவலாக வந்தவற்றில் மன்னரின் ஆன்மாவைத் தூய்மை செய்யும் சடங்குக்குரியவர்கள் அணியும் தங்க வட்டப் பதக்கங்கள் உண்டு, அரச வாள் உண்டு. அசாந்தே அரசியலில் இவை அலங்காரங்கள் அல்ல, ஆட்சியின் உறுப்புகள். நேர்மைக்காக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 32இல் எல்லாமே கொள்ளைப் பொருள் இல்லை. யாழ் வடிவப் பொன்னணி ஒன்று 1817இல் வந்த பிரிட்டிஷ் தூதுக்குழுவுக்குப் பரிசாகக் கிடைத்தது. பரிசு கொடுப்பது எப்படி என்று அசாந்தே அரசவைக்குத் தெரிந்தே இருந்தது.

குடியேற்ற ஆட்சி செய்த நாடுகளுக்கும் அதற்கு ஆட்பட்ட நாடுகளுக்கும் இடையே பண்பாட்டுச் சமத்துவம் என்று பேசும்போது, எத்தனை பொருள்கள் திரும்பி வந்தன என்ற எண்ணிக்கையைத்தான் பெரும்பாலும் பார்க்கிறோம். நான் வேறொன்றைப் பார்க்கச் சொல்கிறேன். இரவல் கொடுப்பவர் யார், வாங்குபவர் யார்? இந்த நாட்டில் வாடகைச் சீட்டில் கையெழுத்திட்ட எவருக்கும் இது புரியும். குடியிருக்கும் வீடு தன் பாட்டன் கட்டியது என்றாலும், இன்னொருவரை உரிமையாளர் என்று எழுதிய சீட்டில் ஒருமுறை கையெழுத்திட்டுவிட்டால், பிறகு பாத்தியதை கோருவது கடினம். அதனால்தான் 2018இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், எத்தியோப்பியாவின் மக்தலாவில் பிரிட்டிஷ் படை பறித்த பொருள்களை நீண்டகால இரவலாகத் தரலாம் என்று சொன்னபோது எத்தியோப்பியா அதை ஏற்கவில்லை. 1868இல் பறிக்கப்பட்டதை இரவலாக வாங்கினால், பறித்தது செல்லும் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்ததாகும். கேட்டவருக்கு இரவல்கூடக் கிடைக்காத காலமும் இருந்தது. 1977இல் லாகோஸில் நடந்த கறுப்பின, ஆப்பிரிக்கக் கலைப் பெருவிழாவுக்கு இடியா அரசியின் தந்த முகமூடியே சின்னம். 1897இல் இன்றைய நைஜீரியாவில் உள்ள பெனின் நகரைச் சூறையாடிய பிரிட்டிஷ் படை எடுத்துப்போன அந்த முகமூடியை நைஜீரியா கேட்டது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் மறுத்துவிட்டது. தன் சின்னத்தின் மூலத்தைக் கண்ணால் காணாமலேயே ஒரு நாடு விழாவை நடத்தி முடித்தது. 1977இல் கிடைத்த மறுப்பையும் 2024இல் கிடைத்த இரவலையும் ஒப்பிட்டால் முன்னேற்றம் இருக்கிறது, மறுக்கவில்லை. குமாசியின் குழந்தைகள் அந்தப் பொன்னைப் பார்க்கிறார்கள். அதைச் சிறிதென்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் 'முடியாது' என்று சொன்னவரும் 'மூன்று ஆண்டு வைத்துக்கொள்' என்று சொல்பவரும் ஒருவரே. முடிவெடுக்கும் இடம் அசையவில்லை.

இதற்கு லண்டன் தரும் முதல் மறுமொழி சட்டம். எங்களுக்கு மனமிருந்தாலும் கொடுக்க முடியாது, 1963ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் அருங்காட்சியகச் சட்டம் அறங்காவலர்களின் கையைக் கட்டியிருக்கிறது, விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தை 1983ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம் கட்டியிருக்கிறது என்கிறார்கள். சட்டத்தில் அப்படி இருப்பது உண்மைதான். ஆனால் அது என்ன சட்டம், எப்போது வந்தது என்று பார்க்க வேண்டும். 1885இல் மண்டலே அரண்மனையிலிருந்து எடுத்துப்போன பர்மிய அரச அணிகலன்களை 1964இல் இதே விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் பர்மாவுக்குத் திருப்பிக் கொடுத்தது. இரவலாக இல்லை, முழு உரிமையோடு. 1964இல் செய்ய முடிந்ததை 2024இல் செய்ய முடியவில்லை என்றால், தடை பழங்காலத்திலிருந்து வருவதன்று, இடையில் போடப்பட்டது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் சட்டமும் முழு அடைப்பு இல்லை. ஒன்றுபோல் இன்னொன்று இருந்தால் கூடுதலானதைக் கழிக்கலாம் என்று அதில் இடமிருக்கிறது. அருங்காட்சியகம் 1950களில் தொடங்கி முப்பதுக்கும் மேற்பட்ட பெனின் வெண்கலத் தகடுகளை 'இரட்டைகள்' என்று கணக்குக் காட்டி வெளியே கொடுத்தது, சில விற்கப்பட்டன. தன்னிடமிருந்து போனதை விலை கொடுத்து வாங்கியவர்களில் நைஜீரியாவும் உண்டு. மனித உடல் எச்சங்களைத் திருப்பிக் கொடுக்க 2004இல் ஒரு சட்டம் வழிவிட்டது. நாஜிகள் யூதர்களிடமிருந்து பறித்த கலைப்பொருள்களைத் திருப்பிக் கொடுக்க 2009இல் இன்னொரு சட்டம் வந்தது. பத்தாண்டுக்கு மட்டும் என்று தொடங்கி, 2019இல் அந்த வரம்பும் நீக்கப்பட்டது. நாஜிகள் பறித்ததற்குத் திறந்த கதவு, தன் படை பறித்ததற்கு மட்டும் திறக்கவில்லை. ஆகவே சட்டத்தைக் காட்டுபவர்களிடம் சட்டத்தைப் பற்றி வாதாடிப் பயனில்லை; அதை எழுதிய நாடாளுமன்றத்திடம்தான் கேட்க வேண்டும்.

இரண்டாவது மறுமொழி இதைவிட மதிப்புக்குரியது. மனிதகுலம் முழுவதற்கும் பொதுவான அருங்காட்சியகம் என்ற கருத்து அது. 2002இல் ஐரோப்பா, அமெரிக்காவின் பெரிய அருங்காட்சியகங்கள் பல சேர்ந்து இக்கருத்தை ஓர் அறிக்கையாகவே வெளியிட்டன. எகிப்தின் கல்லும் கிரேக்கத்தின் பளிங்கும் பெனினின் வெண்கலமும் ஒரு கூரையின் கீழ் இருந்தால்தான் ஒப்பிட்டுக் கற்க முடியும் என்பது வாதம். கற்றல் என்ற நோக்கில் இதில் உண்மை உண்டு. ஆனால் அந்தக் கூரை ஏன் எப்போதும் லண்டனிலும் பாரிஸிலும் நியூயார்க்கிலும் மட்டுமே அமைய வேண்டும்? ஆப்பிரிக்கப் பொருள்கள் சுமார் 70,000 பாரிஸின் கே பிரான்லி அருங்காட்சியகம் ஒன்றிலேயே இருக்கின்றன. அக்ராவிலோ லாகோஸிலோ ஐரோப்பாவின் தலைசிறந்த படைப்புகளுக்கு அப்படி ஓர் அருங்காட்சியகம் இல்லை. ஒப்பிட்டுக் கற்பது மனிதகுலத்தின் உரிமை என்றால், குமாசி மாணவரும் மனிதகுலத்தில் சேர்த்திதான். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நுழைவுக் கட்டணம் கிடையாது என்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள்; ஹீத்ரோ விமான நிலையத்தில் நுழைய விசா வேண்டும். அருங்காட்சியகத்தின் வாசல் உண்மையில் அங்கே தொடங்குகிறது. இன்னொரு சான்றும் உண்டு, இவ்வாதத்தை அடியோடு சாய்ப்பது அதுதான் என்பது என் கருத்து. மக்தலாவிலிருந்து வந்த 11 தாபோத்துகள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தாபோத்து என்பது எத்தியோப்பியத் திருச்சபையின் ஒவ்வொரு கோவிலின் கருவறையிலும் இருக்கும் புனிதப் பலகை. குருமார் தவிர வேறு எவரும் பார்க்கக் கூடாதது. அந்த நம்பிக்கையை மதித்து அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைப்பதில்லை, ஆய்வுக்குக் கொடுப்பதில்லை, காப்பாட்சியர்களும் பார்ப்பதில்லை. அந்த மதிப்பைப் பாராட்டுகிறேன். ஆனால் யாரும் பாராத, யாரும் படிக்காத, யாரும் ஒப்பிடாத ஒன்றை மனிதகுலத்தின் கல்விக்காக வைத்திருக்கிறோம் என்று எப்படிச் சொல்வது? அங்கே எஞ்சி நிற்பது கல்வி இல்லை, வைத்திருப்பது மட்டுமே.

திருப்பிக் கொடுக்கத் தொடங்கினால் அருங்காட்சியகங்கள் காலியாகிவிடும் என்ற அச்சத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சுமார் 80 லட்சம் பொருள்கள் உள்ளன. எந்த நேரத்திலும் காட்சியில் இருப்பவை அவற்றில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு.

பாதுகாப்பு பற்றிய ஐயத்தை அப்படித் தள்ள முடியாது. நைஜீரியாவின் இஃபே அருங்காட்சியகத்தில் 1994இல் திருடர்கள் மீண்டும் மீண்டும் புகுந்தார்கள். அருங்காட்சியகங்களுக்குப் போதிய பணமும் பயிற்சி பெற்ற ஆட்களும் இல்லாத நாடுகள் உண்டு. அதை மூடி மறைப்பது அந்த நாடுகளுக்குச் செய்யும் உதவி ஆகாது. ஆனால் 2023 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அருங்காட்சியகமே தன் கிடங்கிலிருந்து பொருள்கள் களவு போனதை வெளியிட்டது. காணாமலோ சேதமாகியோ போனவை சுமார் 2,000 என்று பின்னர் கணக்கிட்டது. அவற்றில் பலவற்றுக்கு முறையான பதிவேடுகூட இல்லை. அதைக் காரணம் காட்டி, பிரிட்டனின் பொருள்களை வேறொரு நாடு எடுத்து வைத்துக்கொள்ளட்டும் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. களவு நடந்தால் பூட்டை மாற்றுகிறோம், பதிவேட்டைச் சீர்செய்கிறோம். வீட்டுப் பத்திரத்தை அடுத்தவர் பெயருக்கு எழுதுவதில்லை. காப்பதற்கான திறமை உரிமைக்கு முன்நிபந்தனை என்ற விதி ஒருபக்கத்துக்கு மட்டும் பொருந்தினால், அதை விதி என்று சொல்ல முடியாது.

எனக்கே கடினமாக இருக்கும் எதிர்ப்புக்கு இப்போது வருகிறேன். கொடுப்பது சரி, யாரிடம் கொடுப்பது? 2023 மார்ச்சில் நைஜீரியக் குடியரசுத் தலைவர், திரும்பி வரும் பெனின் வெண்கலங்களின் உரிமை பெனின் மன்னரான ஓபாவுக்கே என்று அறிவித்தார். அதற்குச் சில மாதங்கள் முன்பு அரசிடம் பொருள்களைக் கொடுத்திருந்த ஜெர்மனியில், மக்கள் சொத்தைத் தனியொருவரிடம் கொடுத்துவிட்டோமா என்று கேள்வி எழுந்தது. இதைவிட ஆழமான கேள்வியை அமெரிக்காவில் உள்ள ஆப்பிரிக்க வழித்தோன்றல்கள் சிலர் எழுப்புகிறார்கள். பெனின் வெண்கலங்களில் பலவற்றுக்கான உலோகம், போர்ச்சுகீசியர் கொண்டுவந்த மனில்லா என்னும் வளையங்களை உருக்கிக் கிடைத்தது. அந்த வளையங்கள் அடிமைகளுக்கு விலையாகவும் கொடுக்கப்பட்டன. எங்கள் முன்னோரை விற்றுக் கிடைத்த உலோகம், விற்ற அரச குடும்பத்துக்கே ஏன் போக வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. அசாந்தே அரசும் அடிமை வணிகத்தில் பங்கெடுத்ததுதான். இந்தக் கேள்வியை ஆப்பிரிக்க எதிர்ப்பு என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதில் உண்மையான வலி இருக்கிறது. ஆனால் இது யாருக்கும் யாருக்கும் இடையிலான வழக்கு? விற்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்கும் விற்ற அரசுகளுக்கும் இடையிலானது. 18ஆம் நூற்றாண்டில் அட்லாண்டிக் கடலில் மிகப்பெரிய அடிமை வணிகராக இருந்த பிரிட்டன், அந்த வழக்கு முடியும்வரை பொருளை என்னிடமே வைத்திருக்கிறேன் என்று நடுவராக உட்கார முடியாது. அரசுக்கும் ஓபாவுக்கும் இடையிலான இழுபறியும் அப்படித்தான். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் சண்டை இருப்பதால், ஆக்கிரமித்தவர் வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை என்று எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் தீர்ப்புச் சொல்லாது.

யார் உடையவர் என்ற கேள்விக்கு ஐரோப்பியச் சட்டம் புதுவிடை கண்டதும் உண்டு; அது அன்றைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த வழக்கு. பத்தூர் சிவன் கோவிலின் நடராசர் 1976இல் மண்ணுக்கடியில் கிடைத்து, களவாக விற்கப்பட்டு, கனடா நாட்டு நிறுவனம் ஒன்றிடம் போய்ச் சேர்ந்தார். இது குடியேற்ற ஆட்சிக் காலத்துக் கொள்ளை அன்று. வழக்குத்தான் நமக்கு முக்கியம். லண்டனில் சிலையைக் காவல்துறை கைப்பற்றியபோது கோர வந்தவர்களில் பாழடைந்த அந்தக் கோவிலும் ஒன்று. கல்லும் சுவருமான கோவில் வழக்காட முடியுமா? ஆங்கிலேயச் சட்டத்தில் அதற்கு இடமில்லை, இந்தியச் சட்டத்தில் உண்டு. 1991இல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் கோவிலின் உரிமையை ஏற்றது. நடராசர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார். பொருளைத் திருப்பிக் கொடுத்ததைவிட, இன்னொரு சமூகத்தின் சொத்துக் கருத்தைத் தன் கருத்துக்கு நிகராக அந்த நீதிமன்றம் ஏற்றதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நான் தேடும் சமத்துவம் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அசாந்தே வாள் மன்னருடையதா, மக்களுடையதா, முன்னோருடையதா என்பதை அசாந்தே வழக்கப்படி கேட்டு முடிவுசெய்ய முடியும் என்பதற்கு அதுவே முன்மாதிரி.

இந்த அளவுகோலை நம் பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். 1845இல் வால்டர் எலியட் கிருஷ்ணைக் கரையில் உள்ள அமராவதித் தூபியைத் தோண்டினார். அங்கிருந்து சென்னைக்கு வந்த சிற்பங்களில் 121 பிறகு கப்பலேறி லண்டன் சென்றன. இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் தனிக் கூடத்தில் இருக்கின்றன. மீதமும், பின்னர் கிடைத்தவற்றில் ஒரு பகுதியும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. தூபி நின்ற ஊர் இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. சென்னைக்கு அவை வந்தது மாகாண அதிகாரிகளின் உத்தரவால். அமராவதியில் யாரும் கொடுத்து அனுப்பவில்லை. லண்டனைப் பார்த்துக் கேட்கும் கேள்வியை எழும்பூரைப் பார்த்துக் கேட்காமல் இருப்பது நியாயமாகாது. சென்னை அவற்றை நன்றாகவே காத்து வருகிறது என்பது உண்மை. அந்த விடை லண்டனின் விடைதான் என்பதும் உண்மை. ஆந்திர அரசோடு உட்கார்ந்து, உரிமை யாருடையது, எது எங்கே இருப்பது என்று தமிழ்நாடு தானே முன்வந்து பேச வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 19ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகம் சேர்ந்த ஆனைமங்கலச் செப்பேடுகளைப் பற்றி நாம் உரத்துப் பேசுவதற்கு அப்போது இன்னும் வலு இருக்கும். நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஒரு சோழன் கொடுத்த கொடையைச் சொல்பவை அவை. அந்த விகாரத்தை எழுப்பியவர் ஸ்ரீவிஜய அரசர். உரிமை பேசும்போது கடலுக்கு அப்பாலுள்ளவர்களின் நினைவையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கும்.

உரிமை கைமாறினால் பொருள்கள் எல்லாம் பூட்டிய அறைக்குள் போய்விடும் என்று எண்ணுபவர்கள், நடந்து முடிந்ததைப் பார்க்கட்டும். 2022 ஆகஸ்டில் பெர்லின் அருங்காட்சியகத்தின் 512 பெனின் பொருள்களின் உரிமையை ஜெர்மனி நைஜீரியாவுக்கு மாற்றியது. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெர்லினிலேயே இருக்கிறது, பத்தாண்டு இரவலாக. கொடுப்பவர் நைஜீரியா, வாங்குபவர் ஜெர்மனி. லண்டனிலேயே கூட இது நடந்தது. தேசிய அருங்காட்சியகச் சட்டங்கள் கட்டுப்படுத்தாத ஹார்னிமன் அருங்காட்சியகம் 2022 நவம்பரில் 72 பொருள்களின் உரிமையை நைஜீரியாவுக்கு எழுதிக் கொடுத்தது. ஆறு உடனே ஊர் திரும்பின, மற்றவற்றை நைஜீரியாவிடம் இரவலாகப் பெற்றுக்கொண்டது. பெர்லின் பார்வையாளர் அதே வெண்கலத்தை அதே கண்ணாடிப் பேழையில் பார்க்கிறார். மாறியது பெயர்ப்பலகையில் ஒரு வரி. நீட்டிப்பதா, திருப்பி அழைப்பதா, வேறொன்றை மாற்றி அனுப்புவதா என்று நைஜீரியத் தலைநகர் அபூஜாவில் கேட்க வேண்டும். கேட்கும் இடம் மாறியிருக்கிறது. காட்சியோ ஆய்வோ பயணமோ குறையவில்லை.

குமாசி இரவலின் முதல் மூன்று ஆண்டுகள் 2027இல் முடியும். அன்று நீட்டிப்புச் சீட்டுக்குப் பதிலாக வேறொரு சீட்டு எழுதப்பட வேண்டும். 2009இல் எழுதியதைப் போல நாடாளுமன்றம் ஒரு சிறு சட்டம் எழுதினால் போதும். 32இல் சிலவற்றை லண்டனுக்கு அசாந்தே மன்னர் இரவல் கொடுக்கலாம். 1817இல் போல ஒன்றைப் பரிசாகவும் கொடுக்கலாம். அப்படி நடந்ததுண்டு. 1964இல் மண்டலே அணிகலன்கள் திரும்பிச் சென்றபோது, இத்தனை காலம் காத்ததற்கு நன்றியாக அவற்றில் ஒரு பொற்கலத்தை பர்மா விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கே கொடுத்தது. அது இன்றும் அங்கே இருக்கிறது. அதைத் திருப்பிக் கேட்டு யாரும் வரப்போவதில்லை.